பசி தணிந்த பின்

உணவைக் குறைத்தால் உடல் குறையும் என்று சொல்வது எளிது. 120 கிலோ எடையோடு பல்லாண்டு வாழ்ந்த ஒருவரிடம் அதைச் சொல்லாத உற்றாரோ அயலாரோ இருந்திருக்க மாட்டார்கள். அவரும் அதைக் கேட்டு நடந்தே இருப்பார். விடியலில் எழுந்து நடந்திருப்பார், இரவுணவைத் துறந்திருப்பார், அரிசியை ஒதுக்கிக் கம்பும் கேழ்வரகும் உண்டிருப்பார். சில திங்களில் பத்துக் கிலோ குறைந்ததும் உள்ளம் நிறைந்திருப்பார். அடுத்த ஆண்டுக்குள் இழந்ததெல்லாம் திரும்பி வந்து, அதன்மேல் இரண்டு கிலோ கூடியும் நின்றபோது பிறர் முகத்தை நோக்கவும் கூசியிருப்பார். எடை குறையக் குறைய உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. இழந்த கொழுப்பை மீட்க நெடுநாள் பாடுபடுகிறது. பஞ்ச காலத்தில் உயிரைக் காக்க அமைந்த இந்தக் காவல், பெருத்த உடலையும் அதே கடுமையோடு காத்து நிற்கிறது. இதை எண்ணிப் பாராமல், பருத்தோர் அனைவரையும் நாவை அடக்கத் தெரியாதோர் என்று பழிப்பது அறத்துக்கு மாறானது.

பசியே ஒரு நோயாகக்கூடும் என்பதை நம் காப்பியப் புலவர் அறிந்திருந்தார். மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவர் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்த பிழைக்காக யானைத்தீ என்னும் தீராப் பசிக்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டாலும் அந்தப் பசி அடங்குவதில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவில்தான் அது தணிகிறது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அவளுடைய பசியை இரக்கத்துக்குரிய துன்பமாகவே பாடினார். அவள் கதை அத்தோடு முடிவதில்லை. எஞ்சிய பகுதியைப் பின்னர்ச் சொல்வேன்.

இக்காலத்தில் தீராப் பசிக்கு அறுவை மருத்துவம் ஒரு வழி கண்டது. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த நோயாளர்கள் அதன் பின் மெலிந்தே இருப்பதைக் கண்ட எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர், சிக்காஷி இட்டோ என்பவரோடு சேர்ந்து 1966ல் அமெரிக்காவின் அயோவாவில் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். மருத்துவமனைகளில் இன்று ‘பைபாஸ்’ என வழங்குவது அதன் வழிவந்ததே. இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் மட்டும் கொள்ளும் சிறுபையை அமைத்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். ‘ஸ்லீவ்’ எனப்படும் மற்றொரு முறையில் இரைப்பையை நெடுக வெட்டி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அகற்றி, குறுகிய குழலாக்கி விடுகிறார்கள். கொள்ளளவு குறைவது இவற்றின் ஒரு பயனே. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் இரைப்பையின் மேற்பகுதியில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அப்பகுதி அகன்றதும் அதன் அளவு தாழ்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து நிறைவை உணர்த்தும் இயக்குநீர்கள் பெருகுகின்றன. இதனால், பல்லாண்டாக ஓயாது ஒலித்துக்கொண்டிருந்த பசியின் குரல் ஒருநாள் கேட்காமற்போகிறது. அறுவை செய்துகொண்டோர் பலரும் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். மற்றவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்களா என்று வியப்பார்கள்.

அந்த வியப்பின் காலத்தில் கற்க வேண்டியவை மிகுதி. முதல் இரண்டு கிழமை நீருணவு மட்டும்; பின்னர்க் குழைத்த உணவு; அதன் பின்னரே மென்மையான உணவு. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் உண்ணும் முறையை முதலிலிருந்து பயில்கிறார். என் தமக்கையார் இவ்வறுவை செய்துகொண்டு ஆண்டுகள் பல ஆகின்றன. தொடக்கத் திங்களில் அவர் சிறு கரண்டியால் ஒரு வாய் எடுத்து, கூழாகும் வரை மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சற்று இருந்து, அடுத்த வாய்க்குக் கை நீட்டுவார். அவசரப்பட்டு ஒரு வாய் மிகுதியாக விழுங்கினால் நெஞ்சுக்குழியில் அழுத்தம் எழும். சில வேளை வாந்தியிலும் முடியும். உணவோடு நீர் பருகலாகாது. முன்னரே பருகிவிட வேண்டும், இல்லையேல் உண்டபின் அரைமணி பொறுக்க வேண்டும். கையில் செம்பும் இலையில் சோறும் வைத்து உண்டு பழகியவருக்கு இது சிறிய கட்டுப்பாடன்று.

இலையின் ஒழுங்கும் தலைகீழாகிறது. நம் உணவில் சோறே நடுவிடம். பருப்பும் காயும் மீனும் அதற்குத் துணை. சிறிய இரைப்பைக்கு அந்த ஒழுங்கு பொருந்தாது. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். கைப்பிடியளவுகூடக் கொள்ளாத இடத்தில் முதலில் சோற்றை நிரப்பினால் புரதத்துக்கு இடமேது? எனவே முட்டை, மீன், பயறு, சுண்டல், பனீர், தயிர் ஆகியவை முன்னே வருகின்றன. காய் அடுத்து வருகிறது. சோறு கடைசியில், இடமிருந்தால் மட்டும். புலால் உண்ணாத இல்லங்களில் இது இன்னும் கடினம். திட்டமிட்டுச் சமைக்காத நாளில் அளவு எட்டாது. புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. மூன்றாம் திங்கள் முதல் முடி கொத்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் அது மீண்டும் வளரும் என்றாலும், சீப்பில் சுருண்டு வரும் முடியைப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த ஆறுதல் உடனே போய்ச் சேர்வதில்லை.

இனிப்பு இன்னொரு பாடம். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர் திருமண வீட்டில் ஒரு கிண்ணம் பாயசத்தைப் பருகினால், சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கி, சற்று நேரத்தில் வியர்வை வழிய, நெஞ்சு படபடக்க, தலை சுற்றிப் படுத்துக்கொள்ள நேரும். இதை உடல் விதித்த தண்டனையாகக் கொள்வோர் உளர். நான் அவ்வாறு கொள்ளவில்லை. அது ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை மதித்து இனிப்பைத் தள்ளுகிறவர் நாளடைவில் அதன்மேலுள்ள நாட்டத்தையும் தளர்த்திக்கொள்கிறார். அச்சத்தால் மட்டும் தள்ளுகிறவர், அந்த எச்சரிக்கை ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்.

காயசண்டிகையின் கதையில் எஞ்சிய பகுதியை இங்கே சொல்ல வேண்டும். பசி தணிந்ததும் அவள் தன் நாடு நோக்கி வான்வழியே புறப்படுகிறாள். விந்தியமலைக்கு மேலாகப் பறக்காமல் வான்வழிச் செல்வோர் அதைச் சுற்றிப் போவதே முறை. அவள் மலைக்கு மேலாகவே பறந்துவிடுகிறாள். அம்மலையைக் காக்கும் விந்தாகடிகை சினந்து அவள் நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றுள் அடக்கிக்கொள்கிறாள். பன்னீராண்டுத் துன்பம் தீர்ந்தவள் வீடு சேரவில்லை. அறுவைக்குப் பிந்தைய வாழ்வை அருகிருந்து பார்த்த பின், இக்கதையின் இந்தப் பகுதி என் உள்ளத்தைவிட்டு அகன்றதில்லை. பசி தணிவது ஒரு நாளில் நேர்கிறது. வீடு சேரும் வழியோ நெடியது, சுற்றிச் செல்ல வேண்டியது.

ஏனெனில் பசி திரும்பி வருகிறது. முதல் ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை எடை தானே இறங்குவதுபோல் தோன்றும். அந்தக் காலத்தில் பழக்கங்களை மாற்றிக்கொள்ளாதவரும் மெலிவார், மாற்றிக்கொண்டவரும் மெலிவார். இருவருக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் வெளிப்படும். சிறுத்த இரைப்பை ஒரு வேளை உணவைத்தான் தடுக்கிறது. முறுக்கையும் மிக்சரையும் ஐஸ்கிரீமையும் நாள்முழுதும் சிறிது சிறிதாகக் கொறிப்பதை அது தடுப்பதில்லை. அவை எளிதில் கரைந்து வழுக்கி இறங்கிவிடும், நிறைவையும் தராது. அறுத்தபின்னும் எடை கூடியோரிடம் கேட்டால், பெருவிருந்துகளைப் பற்றி அவர்கள் சொல்வது குறைவு. தொலைக்காட்சியின் முன்னே மடியில் இருந்த சிறு பொட்டலத்தைப் பற்றியே சொல்வார்கள்.

சுவீடன் நாட்டில் 1987ல் தொடங்கி நடந்த நெடிய ஆய்வு ஒன்று, தொடக்கப் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையக்கூடும் என்பதற்குச் சான்று. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அவர்களை ஒத்த நிலையில் இருந்து அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரையும் மருத்துவர்கள் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்தனர். அறுவைக்கு முன் நீரிழிவு உடையவர்களில் 72 விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டில் அந்நோயினின்று விடுபட்டிருந்தனர்; பத்தாம் ஆண்டில் அவ்வாறு விடுபட்டிருந்தோர் 36 விழுக்காட்டினரே. இதைக் கண்டு அறுவை பயனற்றது என்பார் தவறு செய்கிறார். பத்தாண்டு கழிந்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் நீரிழிவின்றி வாழ்வது பெரும்பேறு, நோய் திரும்பியோர்க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டின் மகிழ்ச்சியை இறுதி வெற்றியாகக் கொண்டு மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுகிறவரும் தவறே செய்கிறார். எண்ணிக்கை பாதியானதற்கு அவரவர் ஒழுக்கமே முழுக் காரணம் என்றும் சொல்லக்கூடாது. நெடுநாள் முற்றிய நீரிழிவு எளிதில் விடைபெறுவதில்லை. ஒழுக்கத்தால் ஆகக்கூடியது எவ்வளவோ அவ்வளவைச் செய்துவிட்டு, எஞ்சியதை நாணமின்றி மருந்திடம் ஒப்படைப்பதும் பொறுமையின் ஒரு பகுதிதான்.

உடலைவிட உள்ளத்தில் நேரும் மாற்றம் ஆழமானது. அதைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகக் குறைவு. உணவு பலருக்குப் பசியாற்றும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. தனிமையில் துணையாக இருந்தது. இழிவுபட்ட நாளின் இரவில் மருந்தாக இருந்தது. கணவனோடு பேச முடியாததை, மாமியாரிடம் சொல்ல முடியாததை விழுங்கிக்கொள்ள உதவியது. கத்தி அந்தத் துணையைப் பறித்துவிடுகிறது; துன்பத்தை அது பறிப்பதில்லை. துணையிழந்த துன்பம் வேறு துணை தேடும். மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைந்து குருதியில் ஏறுகிறது. முன்னிலும் மிகுதியாகவும் ஏறுகிறது. அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மதுவுக்கு அடிமையாவோர் தொகை கூடுவதை 2012ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதைவிட உள்ளத்தை உலுக்குவது 2007ல் யூட்டாவிலிருந்து வந்த ஆய்வு. அறுவை செய்துகொண்டோரிடையே மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் நோயல்லாத வழிகளால், விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த இறப்பு 58 விழுக்காடு கூடியிருந்தது. நோயால் இறந்தோரே எங்கும் மிகுதியாதலால் மொத்தக் கணக்கு நலமாகவே நிற்கிறது. எனினும், உடல் மீண்ட ஒருவர் உள்ளம் மீளாமல் மாண்டார் என்னும் செய்தியை எந்த விழுக்காட்டாலும் ஈடுசெய்ய இயலாது. எனவேதான் அறுவைக்கு முன்னும் பின்னும் உளநல மருத்துவரைக் காண்பதைச் சடங்காகக் கருதலாகாது என்று வற்புறுத்துகிறேன். எடை குறைந்தால் வாழ்க்கை தானே சீராகும் என்று எண்ணி அறுவைக்குச் செல்கிறவரிடம், எடை குறைந்த பின்னும் சீராகாதவை எவை என்று முன்னதாகவே அன்போடு கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

மெலிந்த பின் உலகம் நடத்தும் விதமும் ஒரு சோதனை. முன்பு ஏறிட்டும் பாராத அலுவலகத்தார் இப்போது நின்று பேசுவார்கள். பேருந்தில் இடம் கிடைக்கும். திருமணப் பேச்சு எழும். மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்த மகிழ்ச்சியின் அடியில், நேற்றும் நான் இதே ஆள்தானே என்னும் கசப்பு கிடக்கும். அதை அடக்கி வைத்தால் புளிக்கும். அறிந்து, பெயரிட்டு, நெருங்கியோரிடம் சொல்லிவிடுவது நன்று. இதனோடு ஒரு பழியும் வந்து சேரும்: குறுக்குவழியில் மெலிந்தவர் என்பார்கள். உடல் உறுப்பை வெட்டுக்கு ஒப்படைத்து, வாழ்நாள் முழுதும் உணவளவைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் குருதி கொடுத்துச் சோதித்து வாழ்வதைக் குறுக்குவழி என்பாரிடம் வழக்காடிப் பயனில்லை. அந்தப் பழிக்கு அஞ்சிப் பலர் அறுவையை மறைக்கிறார்கள். நடைப்பயிற்சியால் மெலிந்தேன் என்கிறார்கள். அவர்கள் அஞ்சுவதை நான் உணர்கிறேன். ஆயினும் அந்தப் பொய், அதே சுமையோடு நடந்து நடந்து மெலியாமல் தம்மையே நொந்துகொள்ளும் இன்னொருவர் காதில் விழுகிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாரிடமும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல விரும்பாதபோது வாய் மூடியிருக்கலாம்.

உடனிருப்போரின் கடமைக்கு வருவோம். விருந்தோம்பல் நம் பெருமை. இலையில் மிச்சமிருந்தால் விருந்தினர் மனம் நோகிறாரோ என்று வருந்துகிறோம். போதும் என்றால் கேளாமல் மேலும் ஒரு கரண்டி வைக்கிறோம். “நான் சமைத்தது பிடிக்கவில்லையா அக்கா?” என்று என் தமக்கையாரிடம் கேட்காத உறவுப்பெண் இல்லை. அன்பின் பெயரால் வைக்கப்படும் அந்த ஒரு கரண்டி, சிறுத்த இரைப்பைக்குக் கொடுமை. விருந்தினர் உண்ணும் அளவை விருந்தினரே அறிவார். அதை மதிப்பதே உண்மையான ஓம்பல். அறுவை செய்துகொண்டவர் வாழும் இல்லத்தில், அவருக்கு மட்டும் தனியே சமைத்து அவரை நோயாளியாக ஒதுக்குவதும் முறையன்று. அவர் முன்னே நாளும் பொரித்ததைப் பரப்பி வைத்துவிட்டு அவருடைய மனவுறுதியைப் போற்றிப் பேசுவதும் முறையன்று. இல்லத்தார் அனைவரும் சற்றே மெல்ல உண்டு, சற்றே குறைய வறுத்து, இரவுணவை முன்கூட்டி முடித்துக்கொண்டால், அவர் சுமை பாதியாகும். இதில் கணவர்களின் கடமை மிகுதி என்பேன். அறுவை செய்துகொண்ட பெண், தன் பசி அடங்கிய பின்னும் பிறர் பசிக்காக மூன்று வேளையும் அடுப்படியில் நின்று சுவை பார்க்க வேண்டியவளாகவே பெரும்பாலும் இருக்கிறாள். அந்த அடுப்படியிலிருந்து அவளைச் சில திங்களாவது விடுவிக்காத கணவன், அறுவைக்குப் பணம் கட்டியதோடு தன் கடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது.

யார் இவ்வறுவையை நாடலாம் என்பதிலும் அடக்கம் வேண்டும். 1991ல் அமெரிக்க நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் அவை, உடல் நிறைக் குறியெண் 40ஐ எட்டியோர்க்கும், 35ஐ எட்டிக் கடும் உடன்நோய் உடையோர்க்கும் என்று வரம்பிட்டது. 2022ல் அறுவை மருத்துவர் கழகங்கள் அவ்வரம்பைத் தளர்த்தின. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அறுவையை எண்ணலாம் என்றன. நோயின் கொடுமை கண்டு திறந்த வாயில் அது. அழகுக்காகவும், வரவிருக்கும் திருமண நிழற்படத்துக்காகவும் அவ்வாயிலில் நுழைவோர் உள்ளனர்; நுழையச் சொல்லி விளம்பரம் செய்வோரும் உள்ளனர். கைதேர்ந்த மருத்துவர்களிடம் இவ்வறுவையால் நேரும் இறப்பு மிகமிகக் குறைவே. ஆயினும் நலமாய் இருக்கும் இளையவர் ஒருவர் தோற்றத்துக்காக மட்டும் அந்தக் குறைந்த இடரையும், அதன்பின் வரும் நாற்பதாண்டுக் கட்டுப்பாட்டையும் ஏற்பது, நன்கு எண்ணிய முடிவாக எனக்குத் தோன்றவில்லை. மூச்சுத்திணறலும் மூட்டுவலியும் நீரிழிவும் சூழ்ந்த ஒருவர் அச்சத்தாலோ நாணத்தாலோ அதைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு பிழை.

கடைசியாக, யாரும் புகழாத கடமை ஒன்று உண்டு. உணவு குறைவதாலும், சிறுகுடலின் முற்பகுதி ஒதுக்கப்படுவதாலும், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்து பி12ம் டியும் உடலில் போதிய அளவு சேர்வதில்லை. மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டும். பி12 சிலருக்கு ஊசியாகவே வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது குருதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். உடம்பில் ஒரு குறையும் தெரியாத ஏழாம் ஆண்டில்தான் மாத்திரைப் பெட்டி அலமாரியின் பின்னே போகிறது. பி12 குறைவு ஓசையின்றி வளரும். கால்விரல்களில் மரமரப்பு தொடங்கும்போது நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குக் குருதிச்சோகை விரைந்து வரும். கருவுற விரும்பும் பெண்கள் அறுவைக்குப் பின் ஒன்றரையாண்டு வரையேனும் பொறுப்பது நலம். எடை விரைந்து இறங்கும் காலத்தில் கருவுக்கும் சத்து எட்டாது. ஓயாது வாந்தி எடுப்பவரை இரண்டொரு நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கலாகாது; தயமின் குறைந்தால் மூளையே கேடுறும்.

சுவீடன் ஆய்வின் இறுதிக் கணக்கு 2020ல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோர் செய்துகொள்ளாதோரைவிட ஏறத்தாழ 3 ஆண்டு மிகுதியாக வாழ்ந்தனர். ஆனால் பொதுமக்களைவிட 5.5 ஆண்டு குறைவாகவே வாழ்ந்தனர். அந்த மூன்று ஆண்டு ஒரு பேரக்குழந்தை பள்ளி செல்வதைக் காணப் போதுமான காலம். முப்பது வயதில் அறுவை செய்துகொண்டவருக்கு எழுபது வயதும் வரும். அப்போது அறுத்த மருத்துவர் இருக்க மாட்டார்; மருத்துவக் குறிப்புகளும் தொலைந்திருக்கலாம்; எலும்பு மெலிந்திருக்கும். முழங்கால் வலிக்கு ஊர் மருந்துக்கடையில் வாங்கும் வலிநீக்கி மாத்திரை, மாற்றுவழி அறுவை செய்த இணைப்பில் புண்ணை உண்டாக்கிக் குருதி கசியச் செய்யும் என்பதை அவர் மறந்திருக்கக்கூடும். எனவே அறுவையின் பெயரையும் ஆண்டையும், தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையும் நிலப்பத்திரமும் இருக்கும் இடத்தில் வைத்து, அது அங்கே இருப்பதை மகனுக்கும் மருமகளுக்கும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.